தொட்டிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டு மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் நர்ஸாக வேலை பார்த்தேன். கொட்டச்சேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, காபிச் செடிகளுக்கு நடுவே நெடுநேரம் நடக்க வேண்டும். எனக்கென்று ஒழுகும் கூரையோடு ஓர் அறை, ஒரு மேசை, கதவு சாத்தாத அலமாரி. இந்த மூன்றுக்கும் சேர்த்து டிஸ்பென்சரி என்று பெயர். எஸ்டேட் என்றால் டிஸ்பென்சரி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதாம். அதற்குள் மருந்து இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பது முதலாளியின் கருத்து.

மாதாமாதம் தேவையான மருந்துகளை எழுதி ரைட்டரிடம் கொடுப்பேன். ரைட்டர் என்றால் எஸ்டேட் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. ஆள் வருகை, கூலி, முதலாளியின் முகக்குறிப்பு ஆகிய மூன்றும் அவர் பொறுப்பு. நான் எழுதியதில் பாதியைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, மீதிப் பாதியை மறந்துவிடுவார்.

"ஏனுங்க சிஸ்டர், வைட்டமின் மாத்திர எதுக்குங்க? வைட்டமினெல்லாம் சாப்பாட்டுலயே இருக்குதுன்னு ரேடியோவுல சொல்றாங்களே?"

"லைன்ல இருக்கற பொம்பளைங்க சாப்பிடறது களியும் வரமொளகாயுந்தாங்க. பாதிப் பேருக்கு ஈறு வீங்கி ரத்தம் வருது. பழம் சாப்பிட்டா சரியாயிடும்."

"பழமா? அது லாரிக்குப் போறதுங்க."

எஸ்டேட்டில் காபிக்கு நடுவே ஆரஞ்சு மரங்கள் நின்றன. கீழே உதிர்ந்த பழத்தை எடுத்தால்கூட அரைநாள் கூலி போகும். ஆரஞ்சு மரத்தடியில் நின்று காபி பறிக்கிற பெண்களுக்கு ஆரஞ்சுப் பழம் இல்லாததால் வருகிற வியாதி. பாடப் புத்தகத்தில் அதைப் படித்தபோது, பழைய காலத்தில் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு வருவது என்று போட்டிருந்தது.

லைன் என்றால் கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அங்கிருந்து வருகிறவர்களில் மேட்டு லைன் அக்கா ஒருத்தி. காபி பறிப்பதில் கை வேகம், வாய் அதைவிட வேகம். பல் தேய்த்தாலே ரத்தம் வரும் அவளுக்கு. முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து நான் கொண்டுவந்திருந்த வைட்டமின் சி மாத்திரையில் ஒரே ஒரு அட்டை மிச்சமிருந்தது. அதை அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி சிங்கப்பூர் போய் வந்தார். போனவர் எதையெதையோ பார்த்திருக்க வேண்டும், ஆனால் மனதில் தங்கியது அவர் இறங்கிய ஹோட்டலின் நீச்சல் குளம்தான். மே மாதத்திலேயே வாய் கொப்பளிக்க வெந்நீர் தேடுகிற மலையில், பங்களாவுக்குப் பின்னால் நீச்சல் குளம் தோண்டச் சொன்னார். காபி விதை ஊறப் போடுகிற தொட்டி என்றுதான் கடைக்காலிடும்வரை எல்லோரும் நினைத்தோம். வெள்ளை டைல்ஸ் வந்து இறங்கியபோது மேட்டு லைன் அக்கா ரைட்டரிடமே கேட்டுவிட்டாள்.

"என்னத்துக்குங்க இந்தத் தொட்டி?"

"மொதலாளி குளிக்கறதுக்கு."

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள தண்ணி வர்றதில்லீங்களா? பாவமுங்க."

தண்ணீருக்காக போர்வெல் போட்டார்கள். லைன் வீடுகளுக்கு ஒரு போர் வேண்டும் என்று ஆட்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். துளை போடுகிற லாரி மலையேற முடியாது என்று பதில் வந்துகொண்டிருந்தது. குளம் என்றதும் லாரி ஏறிவிட்டது. கருணை காட்டி லைனுக்கும் ஒரு மெல்லிய குழாய் இழுத்துவிட்டார்கள். குளத்துக்குப் போக மிச்சம் இருந்தால் அதில் வரும்.

எங்கள் மலை மண்ணில் இரும்பு அதிகம். போர் தண்ணீர் வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். குடத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மேலே செம்புழுதி மாதிரி படரும். குளம் கட்டி முடிப்பதற்கு முன்பே லைன் வீடுகளில் குடத்தின் அடி, பாத்திரம், குழந்தைகளின் சட்டை எல்லாம் துரு நிறமாகிவிட்டன. பெண்கள் ஆபீஸில் போய் முறையிட்டார்கள். வெள்ளைச் சேலை கட்ட முடியவில்லை என்றார்கள்.

"காபித் தோட்டத்துல வெள்ளச் சேல எதுக்கு?" என்று ரைட்டர் கேட்டு அனுப்பினார்.

பிறகு குளம் நிரம்பியது. சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சிறு புத்தகத்தைப் பார்த்து, ரைட்டர் ஒரு வாளி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பொன்னிறமாகி, டீ நிறமாகி, கடைசியில் எஸ்டேட்டுக்குப் பொருத்தமாகக் கடுங்காபி நிறத்தில் நின்றது. அது அடங்கித் தெளிந்தபோது வெள்ளை டைல்ஸ் முழுக்கத் துருக்கறை. படிக்கட்டுகளில் திட்டுத் திட்டாக, அடியில் ஒரே பழுப்புப் பாய் விரித்த மாதிரி.

முதலாளி அன்று சாப்பிடவில்லை என்று சமையல்காரர் சொன்னார். எஸ்டேட்டே துக்கம் காத்தது. லைன் வீட்டுக் குடத்தில் இருந்தபோது அதற்குப் பேர் தண்ணீர். பங்களா டைல்ஸில் ஏறியதும் அது பிரச்சினை ஆகிவிட்டது.

வைத்தியம் ஆரம்பித்தது. தண்ணீரை இறைத்துவிட்டு, குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். ஆண்களுக்குக் கூலி அதிகம் என்பதால் காபி பறித்துக்கொண்டிருந்த பெண்களை இறக்கினார்கள். புளி தீர்ந்தது, கறை தீரவில்லை. அடுத்து செங்கல் பொடி. அதில் டைல்ஸின் மினுக்கம் போய், கறைக்குப் பிடித்துக்கொள்ள வசதியானது. மூன்றாவதாக ரைட்டர் சேலத்திலிருந்து கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஜாடியில் வரவழைத்தார். கறை போனது. டைல்ஸுக்கு இடையில் இருந்த சிமென்ட்டும், தேய்த்த பெண்களின் கால் தோலும் கூடவே போயின.

அன்று மதியம் டிஸ்பென்சரி வாசலில் வரிசை நின்றது. என்னிடம் இருந்த பஞ்சு முதல் மூன்று பேரோடு முடிந்துவிட்டது. மிச்சம் பேருக்கு என்னுடைய பழைய புடவையைக் கொதிக்க வைத்துக் கிழித்துக் கட்டினேன். ரைட்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னுங்க சிஸ்டர், எல்லாரையும் இங்க உக்கார வெச்சுக்கிட்டீங்க? தொட்டி அங்க பாதியில நிக்குது."

"இவங்க நிக்க முடியலைங்களே. அதனாலதான் உக்கார வெச்சிருக்கேன்."

சிமென்ட் பூசித் திரும்பவும் நிரப்பினார்கள். பிளீச்சிங் பவுடர்தான் குற்றவாளி என்று முதலாளி அதற்குத் தடை போட்டார். பவுடர் இல்லாததால் சில நாளில் பாசி பிடித்தது. பாசியைப் பார்த்ததும் ரைட்டருக்கு ஒரு யோசனை. காபி இலையில் நோய் வந்தால் துத்தம்தானே அடிக்கிறோம், அதையே குளத்திலும் போட்டால் என்ன? மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட் மூட்டையோடு விழுந்தது. தண்ணீர் அப்படியே நீலமாகிவிட்டது. சிங்கப்பூர் போஸ்ட் கார்டு மாதிரியே இருக்கிறது என்று முதலாளி ரைட்டரின் முதுகில் தட்டிக் கொடுத்தார். பழைய பழுப்பு மெல்லத் திரும்பி வருவதையும், அதன்மேல் கருநீலமாக இன்னொரு கறை ஏறுவதையும் அந்த நீலம் கொஞ்ச காலம் மறைத்தது.

நீலத் தண்ணீர் செய்தி எட்டி, முதலாளியின் மாமனார் கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்ந்தார். பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சு மாதிரி வெள்ளை மீசை, இரண்டு பக்கமும் முறுக்கி விட்டிருப்பார். அந்தக் குளத்தில் உண்மையாகவே நீந்திய முதல் மனிதர் அவர்தான். குளிரில் பல் கிட்டிக்க தினமும் நீந்தினார்.

ஒரு வாரம் கழித்து என்னைப் பங்களாவுக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். பெரியவர் குளக்கரையில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தார். மீசை கிளிப்பச்சை நிறத்தில் இருந்தது.

நான் சிரிக்கவில்லை. நர்ஸ் பயிற்சியில் அதற்கும் பழக்கியிருந்தார்கள்.

"சிஸ்டர், மறைக்காமச் சொல்லுங்க. இது என்ன வியாதி?"

"வியாதி இல்லைங்க ஐயா. தண்ணியில துத்தம் கலந்திருக்குது, வெள்ளை முடியில ஏறிடுச்சு. கொஞ்ச நாள் இறங்காம இருங்க, போயிடும்."

பக்கத்தில் நின்ற ரைட்டர், துத்தப் பேச்சு மேலே வளராதபடி குறுக்கே புகுந்தார். "ஐயாவுக்கு நொம்ப எடுப்பா இருக்குதுங்க. வயசே தெரியலீங்க."

பெரியவர் அவரைப் பார்த்த பார்வையில் இன்னொரு காலமாக இருந்தால் ரைட்டர் எல்லைக்கு அனுப்பப்பட்டிருப்பார்.

"சளிக்கு ஏதாவது குடு நர்சம்மா" என்றார் முதலாளி. "வைட்டமின் கொடுத்தா உடனே கேக்குமாமே?"

அலமாரியில் இருந்தது அந்த ஒரே அட்டை. முதலாளியின் மாமனாருக்கு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. போய் எடுத்துவந்து கொடுத்தேன். பெரியவர் ஒன்றை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார்.

"புளியங்காயைக் கடிச்ச மாதிரி இருக்கே!"

நான் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் அட்டையைப் பிதுக்கி மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குளத்துப் படியில் எறிந்துகொண்டிருந்தார், மீனுக்குப் பொரி போடுவது போல. திரும்பிப் போய்ப் பறித்துக்கொள்ளலாமா என்று கை பரபரத்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் வந்துவிட்டேன். டிஸ்பென்சரிக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன். மேட்டு லைன் அக்காவிடம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் ரைட்டர் மேல்மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"சிஸ்டர், ஐயாவுக்குக் குடுத்தீங்களே, அது என்ன மாத்திரைங்க? மொதலாளி உங்களக் கையோட கூட்டிக்கிட்டு வரச் சொன்னாருங்க!"

பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நினைத்தேன். போய்ப் பார்த்தால் அவர் திடகாத்திரமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலாளி குளத்துப் படியில், முழங்கால்வரை தண்ணீரில், வேட்டி நனைவது தெரியாமல் குந்தியிருந்தார். அவர் முன்னால் பழுப்புக் கறைக்குள் வட்ட வட்டமாகப் பால் வெள்ளை. மாத்திரை விழுந்து கரைந்த இடங்கள்.

"நர்சம்மா" என்றார், குரல் தழுதழுக்க. "இந்த மாத்திரை எவ்வளவு வேணும்?"

அந்த எஸ்டேட்டில் சேர்ந்த நாளிலிருந்து மருந்து எவ்வளவு வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. முதலில் கேள்வியே புரியவில்லை.

"யாருக்குங்க?"

"குளத்துக்குத்தான்!"

எனக்கு அந்தக் கணத்தில் எங்கிருந்து அவ்வளவு நிதானம் வந்தது என்று இன்றும் தெரியாது. நோயாளியைப் பார்க்கிற மாதிரி கறையைத் தொட்டுப் பார்த்தேன், நகத்தால் சுரண்டினேன், சுற்றி ஒரு நடை நடந்தேன்.

"நாள்பட்ட கறைங்க. நிறைய வேணும். ஒரே தடவையில நிக்காது, விட்டா திரும்ப வரும். மாசாமாசம் கொடுத்துக்கிட்டே இருக்கணும்."

"கொடுத்துடுவோம்."

"ஈரம் பட்டா மாத்திரை கெட்டுப் போயிடுங்க. டிஸ்பென்சரியிலதான் வைக்கணும். அலமாரிக்குக் கதவு சரியில்லை."

"ரைட்டர், அலமாரிக்குக் கதவு போடு. அந்தக் கூரையையும் என்னன்னு பாரு."

ரைட்டர் சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் புதிதாகப் பார்த்தார்.

சேலத்திலிருந்து ஜீப்பில் டின் டின்னாக மாத்திரை வந்தது. துணிப் பையில் போட்டு இடித்து, கறைமேல் ஒற்றித் தேய்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கறை உண்மையிலேயே கண் முன்னால் கரைந்தது. இரும்புக் கறை முழுதாக, துத்தக் கறை முக்கால்வாசி. தேய்க்க வந்தவர்களில் மேட்டு லைன் அக்காவும் இருந்தாள். ஒரு மாத்திரையை வாயில் அதக்கிக்கொண்டதை ரைட்டர் பார்த்துவிட்டார்.

"ஏ புள்ள! தொட்டிக்கு வாங்குனத நீ திங்கறயா?"

"ருசி பாத்தனுங்க. தொட்டிக்கு ஒத்துக்குதான்னு நாம பாக்கோணுமில்லீங்க?"

அன்றைக்கு எனக்குத் துணிவு வந்தது. குளத்துக்கென்று வந்த டின்களில் பாதியை லைன் வீடுகளுக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு வீட்டிலும் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். எல்லோரும் அதைத் தொட்டி மாத்திரை என்றே சொன்னார்கள். சில வாரங்களில் ஈறுகளில் ரத்தம் நின்றது. மேட்டு லைன் அக்கா என் முன்னால் ஒரு முறுக்கைக் கடித்துக் காட்டினாள்.

பிறகு எனக்கு ஆசை கூடியது. குளத்தின் பெயரைச் சொன்னால் எதுவும் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டது. தேய்க்கிறவர்கள் கையில் காயம் பட்டால் டைல்ஸில் ரத்தம் படும் என்று சொல்லி, பஞ்சும் கட்டுத்துணியும் டிங்சரும் வாங்கினேன். காய்ச்சல்காரர்கள் குளத்தில் இறங்கினால் தண்ணீர் கெடும் என்று காய்ச்சல் மாத்திரை வாங்கினேன். முதலாளி கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போட்டார். இரும்பு மாத்திரை ஒன்றைத்தான் தொட்டி பெயரில் கேட்க முடியவில்லை. கர்ப்பிணிப் பெண்களுக்கு ரத்தத்தில் இரும்பு போதவில்லை. ஆனால் எங்கள் முதல் நோயாளிக்கு அதுதான் மிதமிஞ்சி இருந்தது.

ஒரு நாள் ரைட்டரே தனியாக வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"சிஸ்டர், எனக்கும் ஒரு மாசமா ஈறு ஒரு மாதிரி இருக்குதுங்க. தொட்டி மாத்திர கொஞ்சூண்டு..."

"வைட்டமினெல்லாம் சாப்பாட்டுலயே இருக்குதுன்னு ரேடியோவுல சொல்றாங்களே?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தேன்.

முதலாளி மகளின் கல்யாணம் கீழே சேலத்தில் நடந்தது. அதற்குப் பிறகு வரவேற்பை எஸ்டேட்டில், குளத்தங்கரையில் வைத்தார். குளம் அன்று பளிங்கு மாதிரி இருந்தது. சீரியல் பல்பு, நாற்காலிகள், பாட்டு. என்னையும் கஞ்சி போட்ட சீருடையில் முதலுதவிப் பெட்டியோடு ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள், குளத்தோடு சேர்ந்த அலங்காரப் பொருளாக.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், மதராஸ்காரர், தண்ணீரைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கிளீனாத்தான் இருக்கு. குளோரின் போட்டிருக்கீங்க இல்லையா?"

சம்பந்தி வீட்டாரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? முதலாளி ரைட்டரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று ரைட்டர் தானாக ஒரு முடிவுக்கு வந்து, ஸ்டோருக்கு ஓடினார். நான் கையைக் காட்டித் தடுப்பதற்குள் ஒரு வாளி பிளீச்சிங் பவுடர் கரைசல் எல்லோர் கண் முன்னாலும் குளத்தில் விழுந்தது.

மாத்திரை இரும்பை டைல்ஸிலிருந்து பிரித்துத் தண்ணீரில் கரைத்துத்தான் வைத்திருக்கிறது, வெளியேற்றவில்லை, பவுடர் பட்டதும் அது மறுபடி துருவாகத் திரளும் என்பதெல்லாம் பல வருடம் கழித்து ஒரு ரசாயன ஆசிரியை சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. அன்று கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்: பொன்னிறம், டீ நிறம், கடுங்காபி. உள்ளே நீந்திக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தோழர்கள் அலறியடித்து ஏறினார்கள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

முதலாளியின் முகம் வெளுத்தது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. இது நம்ம மலையோட இரும்புச் சத்து. ஐரோப்பாவுல இந்த மாதிரித் தண்ணியில குளிக்க ஆளுங்க வரிசையில நிக்கறாங்க. நரம்புக்கு, மூட்டுக்கு அவ்வளவு நல்லது." என் பக்கம் திரும்பினார். "நர்சம்மா, சொல்லுங்க."

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. நரம்பைப் பற்றிச் சொன்னால் பொய். சொல்லாவிட்டால் வேலை போகும்.

"தண்ணியில இரும்பு நிறைய இருக்குதுங்க" என்றேன்.

அது போதுமானதாக இருந்தது. மதராஸ் பெரியவரின் மனைவி, முழங்கால் வலிக்காரர், முதலில் காலை நனைத்தார். இதமாக இருக்கிறது என்றார். ஒருவர் பின் ஒருவராக நாற்காலிகளைக் குளத்தருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பட்டாளத்துப் பெரியவர் மட்டும், மீசை வெள்ளைக்குத் திரும்பியிருந்ததால், ரொம்பத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் முதலாளி உத்தரவு போட்டார்: இனிக் கறையை யாரும் தொடக் கூடாது. குளத்துக்கு முன்னால், இரும்புத் தண்ணீரின் நன்மைகளை அடுக்கி, மூலிகைத் தைலக் கடை மாதிரி ஒரு போர்டு ஏறியது. கறை இருந்தால்தான் தண்ணீரில் சத்து இருப்பதாக விருந்தாளிகள் நம்பினார்கள். எனக்கு வந்துகொண்டிருந்த டின்கள் நின்றன.

நான் ஆபீஸுக்குப் போனேன்.

"ஐயா, கறை படியறது நல்லதுதான். ஆனா இப்ப திட்டுத் திட்டா இருக்குது. ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் மஞ்சள். வர்றவங்க இதைச் சத்துன்னு நினைக்க மாட்டாங்க, அழுக்குன்னு நினைப்பாங்க. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி நிறமா இருக்கணும்னா அங்கங்க மாத்திரை வச்சுச் சரி பண்ணிக்கிட்டே இருக்கணும்."

முதலாளி யோசித்தார். ரைட்டர், ஈறு குணமான மனிதர், கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சிஸ்டர் சொல்றதும் நாயந்தானுங்க."

மறுபடி டின்கள் வந்தன. நான் அங்கே இருந்தவரை அவை நிற்கவில்லை. கறையை எடுப்பதற்காக வாங்கியதைவிட, கறையை அழகாக வைத்துக்கொள்வதற்காக வாங்கியதே அதிகம்.

பிறகு எனக்குக் கீழே அரசாங்க சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. புதிதாக வந்த பெண்ணிடம் குளத்தின் வியாதியையும் அதன் சிகிச்சையையும் விவரமாகச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

தொண்ணூறுகளில் ஒருமுறை கல்யாண வீட்டுக்காக மலைக்குப் போனபோது, ஏற்காட்டு ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் மேட்டு லைன் அக்காவைப் பார்த்தேன். தலையில் மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கினாள். குளம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மொதலாளி மவன் வந்துட்டாருங்க. அவரு அதுல கலர் மீன் உட்டிருக்காரு. வெளிநாட்டு மீனுங்களாம்."

"அந்தத் தண்ணி மீனுக்கு ஒத்துக்குதா?"

"எங்க ஒத்துக்குது? ஒண்ணொண்ணாச் செத்து மெதக்குதுங்க. டவுன்ல இருந்து மீன் டாக்டரு வந்துட்டுப் போறாரு. லைன்ல ஒரு புள்ளக்கி வயித்துப்போக்குன்னு சொன்னம், அதுக்குத்தான் இன்னும் ஆளக் காணமுங்க."

"புது நர்சு மாத்திரை தருதா?"

அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தருதுங்க. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரப் புள்ள. மீனுக்குன்னு எழுதி வாங்குதுங்க."

பஸ் வந்தது. நான் மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டேன். மூட்டைக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கண்டக்டர் சொன்னதற்கு, அது உட்கார இடம் கேட்டதா என்று அவள் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பஸ் வளைவில் திரும்பிவிட்டது.